முதலாளி இல்லாத காப்பிக்கடை

கிழக்கேகோட்டை ஓட்டல்களில் இலை எடுக்கும் நம் பிள்ளைகளுக்குச் சுறுசுறுப்பு இல்லையாம்! நிர்வாகம் சொல்கிறது.

பக்கத்துத் தம்பானூரில், லாரி பேக்கர் கட்டிய வட்டக் கட்டடத்து இந்தியன் காப்பி ஹவுஸைப் பாருங்கள். 1950களில் காப்பி போர்டு தன் கடைகளை மூடி ஆட்களை வெளியேற்றியபோது, ஏ.கே.கோபாலன் துணைநிற்க, தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். கேரளத்தில் முதல் கடை 1958-இல் திருச்சூரில் பிறந்தது. பரிமாறுகிறவரே அங்கே பங்குதாரர். நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பவரும் அவரே. காப்பி ஆறினால் நட்டம் அவருக்கு. தலைப்பாகையோடு அந்தச் சரிவுத் தளத்தில் நாள் முழுக்க ஏறி இறங்குவது லேசான வேலையா?

நம் பிள்ளைக்கோ தட்டு உடைந்தால் கூலியில் பிடித்தம். கூட்டம் பெருகினால் கூலி பெருகுவதில்லை. 1960-ஆம் ஆண்டுக் கேரளக் கடைகள் சட்டப்படி வேலை நாளுக்கு 8 மணி நேரம். 2018-இல் உட்காரும் உரிமையும் அதில் சேர்ந்தது. உங்கள் பிள்ளை வேலை செய்யும் கடையில் நாற்காலி இருக்கிறதா? இன்றிரவே கேளுங்கள், சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள்.