பழைமையும் பழுதும்: இத்தாலியக் கார்களும் அவற்றைப் பேணும் நட்பும்

  

கவிதையும் காப்பியமும் முழங்கிய மேடையில் பழைய இத்தாலியக் கார்களைப் பற்றி ஓர் உரை எதற்கு என்னும் வினா எழக்கூடும். அதற்கு விடை திருக்குறளிலேயே இருக்கிறது. நட்பு, நட்பாராய்தல் என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்து, எண்பத்தொன்றாம் அதிகாரத்துக்குப் 'பழைமை' என்று பெயர். நெடுநாள் பழகிய நண்பர் உரிமையால் செய்யும் பிழைகளைப் பொறுத்து ஏற்கும் பண்பையே அவ்வதிகாரம் விரித்துரைக்கிறது. மனிதர்க்கு மனிதர் காட்ட வேண்டிய அந்தப் பொறுமையை ஓர் இயந்திரத்துக்குக் காட்டி, அந்தப் பொறுமையின் வழியாகவே தமக்குள் நண்பரானவர்கள் உலகில் உண்டு. முப்பது, நாற்பது ஆண்டுகளாக ஒரே இத்தாலியக் காரை விடாமல் வைத்திருப்போரின் கதை அது. பத்து ஆண்டுகள் ஒன்றாய் இருந்த ஒரு வட்டத்துக்கு அந்தக் கதை அயலானதன்று.

இத்தாலியில் காரைப் பற்றி முதலில் உரத்துப் பேசியவர்களுள் கவிஞர்களும் இருந்தார்கள் என்பதை இந்த அவை மகிழ்ச்சியோடு கேட்கும். 1909-ஆம் ஆண்டு பிப்ரவரி 20 அன்று, பாரிஸ் நகரின் 'லெ ஃபிகாரோ' நாளிதழின் முதற்பக்கத்தில் ஃபிலிப்போ தொம்மாசோ மாரினெத்தி என்னும் இத்தாலியக் கவிஞர் எதிர்காலவியக் கொள்கை அறிக்கையை வெளியிட்டார். உறுமிக்கொண்டு பாயும் பந்தயக் கார், புகழ்பெற்ற கிரேக்கச் சிறகு தேவதையின் சிலையைவிட அழகானது என்று அதில் அறிவித்தார். அருங்காட்சியகங்களையும் நூலகங்களையும் அழித்துவிட வேண்டும் என்றும் முழங்கினார். 1908-இல் மிலான் நகருக்கு அருகே, எதிரே வந்த சைக்கிள்காரர்களை விலக்கப் போய், அவருடைய கார் ஒரு பள்ளத்தில் தலைகீழாய் விழுந்ததுண்டு. அந்தப் பள்ளத்துச் சேற்றையும் அவர் தம் அறிக்கையில் சேர்த்துக்கொண்டார்.

மற்றொரு கவிஞர் கப்ரியேலே தன்னுன்சியோ. கார் என்னும் சொல் இத்தாலிய மொழியில் ஆண்பாலா பெண்பாலா என்று அக்காலத்தில் வழக்கு நிலைபெறாமல் இருந்தது. 1920-இல் ஃபியட் நிறுவனத்தின் தலைவர் ஜொவான்னி அன்யெல்லிக்கு எழுதிய கடிதத்தில், அது பெண்பாலே என்று தன்னுன்சியோ தீர்ப்பளித்தார். நாடு அதையே ஏற்றது. தமிழ் இலக்கணம் காரை அஃறிணையில் வைத்துவிடுகிறது. ஆயினும் இத்தாலியில் பிறந்து இந்தியாவில் வளர்ந்த ஒரு காருக்கு இந்நாட்டவர் இட்ட பெயர் ஓர் அரசியின் பெயர். அதைப் பின்னர்க் காணலாம்.

மாரினெத்தி போற்றியது வேகத்தை. காலம் போற்றியதோ வேறொன்றை. போருக்குப் பின் வறுமையில் கிடந்த இத்தாலிக்குத் தேவைப்பட்டது எளியோர் வாங்கக்கூடிய சிறிய வண்டி. அதை ஆக்கித் தந்தவர் தாந்தே ஜாக்கோசா என்னும் பொறியாளர். 1936-இல் வந்த 'தொப்பொலினோ', 1955-இல் வந்த ஃபியட் 600, 1957 ஜூலையில் வந்த புதிய ஃபியட் 500 ஆகியவை அவர் கைவண்ணம். ஃபியட் 500-இன் நீளம் 3 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. பின்புறத்தில் காற்றால் குளிரும் இரண்டு சிலிண்டர் எஞ்சின். அதன் கொள்ளளவு 479 கன சென்டிமீட்டர். கூரையோ சுருட்டித் திறக்கும் துணி. 1975 வரை ஏறத்தாழ 39 இலட்சம் வண்டிகள் வெளிவந்தன. அந்தக் காரின் கியர்கள் தாமாக இசைந்து விழமாட்டா. கியரைக் குறைக்க வேண்டுமானால் கிளட்சை ஒருமுறை மிதித்து, விட்டு, எஞ்சினின் ஓசையைச் செவியால் அளந்து முடுக்கி, மறுமுறை மிதித்தல் வேண்டும். செவி பிழைத்தால் பற்சக்கரங்கள் கடகடவென்று கண்டிக்கும். யாப்பு அறியாதவன் எழுதிய வெண்பாவில் தளை தட்டுவது போன்றது அந்த ஓசை.

நெடுநாள் உடைமை என்பதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. புதிய காரை வாங்குவோர் அதன் விலையை அறிவார்கள். பழைய காரை வைத்திருப்போர் அதன் குணத்தை அறிவார்கள். 1954-இல் ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் 'ஜூலியெத்தா' காரில் அலுமினிய எஞ்சினை அமைத்து, அதன் தலையில் இரட்டைக் கேம் தண்டுகளை வைத்தது. பந்தய வண்டிக்கு உரிய அமைப்பு நடுத்தரக் குடும்பத்தின் காருக்கு வந்தது. அந்த மரபில் வந்த கார்களை வைத்திருப்போர், எண்ணெய் சூடேறும்வரை எஞ்சினை விரட்டமாட்டார்கள். குளிர்ந்த காலையில் இரண்டாம் கியரை மெல்லத் தள்ளுவார்கள். அவசரப்பட்டால் அது முரண்டுபிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். இவை கையேட்டில் படித்து அறிந்தவை மட்டும் அல்ல. கை பழகி அறிந்தவை. இருபது ஆண்டு இல்லறத்தில் ஒருவர் முகக்குறிப்பை ஒருவர் அறிவது போன்ற அறிவு இது.

குறைகளை மறைப்பது நட்பின் இலக்கணம் ஆகாது. ஆகவே குறைகளையும் சொல்ல வேண்டும். 1971-இல் அறிமுகமான 'ஆல்ஃபாசுத்' கார், நேப்பிள்ஸ் நகரை ஒட்டிய பொமிலியானோ தார்கோவில், தென்னித்தாலிக்கு வேலை தருவதற்காக அமைந்த ஆலையில் உருவாயிற்று. ருடால்ஃப் ருஷ்காவின் பொறியியலும் ஜொர்ஜெத்தோ ஜுஜாரோவின் வடிவமும் சேர்ந்த அந்தக் கார், வளைவுகளில் சாலையைப் பற்றிச் செல்லும் திறத்துக்காக வியந்து பாராட்டப்பட்டது. அதே காரைத் துரு தின்றது. உட்குழிவுகளில் நிரப்பிய நுரைப்பொருள் ஈரத்தைத் தேக்கி வைத்ததும் அதற்கு ஒரு காரணம். லான்சியா 'பெத்தா' காரில் எஞ்சினைத் தாங்கும் துணைச் சட்டமே துருப்பிடித்தது. 1980-ஐ ஒட்டிப் பிரிட்டனில் அந்நிறுவனம் பல வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள நேர்ந்தது. அங்கே இழந்த நற்பெயரை அது மீட்கவே இல்லை. 1994-இல் அச்சந்தையை விட்டு விலகிற்று.

இப்படித் துருவும் பழுதும் மலிந்த வண்டிகளை அறிவுடையோர் ஏன் கைவிடவில்லை? ஓட்டும் இன்பம் ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. எந்நாளும் பழுதாகாத காரை உடையவருக்கு அயலாரின் துணை வேண்டியதில்லை. பழுதாகும் காரை உடையவர் பிறர் வீட்டுக் கதவைத் தட்டியே தீர வேண்டும். எண்ணிப் பாருங்கள்: மழைநாளில் வழியில் நின்றுவிட்ட ஒரு லான்சியா. அதன் தேய்ந்த உறுப்பு உற்பத்தியிலேயே இல்லை. நூறு கல் தொலைவில் இருக்கும் முகமறியாத ஒருவர் தம் கொட்டிலில் அதே உறுப்பை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். அவருக்குக் கடிதம் போகிறது, உறுப்பு வருகிறது, பணம் வேண்டாம் என்ற குறிப்பும் வருகிறது. அடுத்த ஆண்டு அவருக்கு வேறொன்று தேவைப்படும்போது இவர் ஓடுகிறார். பழுதில் தொடங்கிய அந்த உறவு, பழுது தீர்ந்த பின்னும் நீள்கிறது.

சங்கங்கள் தோன்றியது இப்படித்தான். பிரிட்டனில் லான்சியா உரிமையாளர்களின் சங்கம் 1947-இலேயே உருவாயிற்று. இத்தாலியில் பழைய வண்டிகளைப் பேணும் சங்கங்களை ஒருங்கிணைக்கும் கூட்டமைப்பு 1966-இல் அமைந்தது. 1984-இல் லிகூரியா மாநிலத்தின் கர்லெந்தா என்னும் சிற்றூரில் ஃபியட் 500 சங்கம் தொடங்கிற்று. அந்தச் சிற்றூருக்கு ஜூலை மாதக் கூடுகைக்காகப் பல நாடுகளிலிருந்தும் அந்தக் குட்டிக் கார்கள் ஊர்ந்து வருவது வழக்கமாயிற்று. விரைவு நெடுஞ்சாலையில் ஒரு நாளில் வந்துவிடக்கூடிய தொலைவை இரண்டு மூன்று நாள்களாக வருவார்கள். வழியில் ஒருவர் வண்டி நின்றால் எல்லார் வண்டியும் நிற்கும். இத்தகைய சங்கங்கள் கிடைக்காத உறுப்புகளை மீண்டும் வார்த்தெடுக்கின்றன. எந்த எண்ணுள்ள வண்டி எவரிடம் உள்ளது என்று பதிவேடு வைக்கின்றன. பழைய பணிமனைக் கையேடுகளைப் படியெடுத்துப் பகிர்கின்றன. ஏட்டுச் சுவடியைத் தேடி ஊர் ஊராய் அலைந்தவர்களின் வழிவந்த தமிழுலகத்துக்கு இந்த உழைப்பின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இனி, இந்தியாவுக்கு வந்த கார். பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலையில், ஜாக்கோசாவின் மற்றொரு படைப்பாகிய ஃபியட் 1100 உருவானது. 1964 முதல் அதன் 'டிலைட்' வகை வெளிவந்தது. 1970-களில் பிரீமியர் என்னும் பெயரும், 1974-இல் சித்தூர் அரசி பத்மினியின் பெயரும் அதற்கு வாய்த்தன. தன்னுன்சியோவின் தீர்ப்பு அறியாமலே இங்கும் கார் பெண்ணாயிற்று. தாயகமாகிய இத்தாலியில் 1100 வரிசை 1969-இல் முடிந்துவிட்டது. குர்லாவிலோ அது ஏறத்தாழ அந்த நூற்றாண்டின் இறுதிவரை பிறந்துகொண்டே இருந்தது. தமிழகத் தெருக்களில் அதற்கு 'ஃபியட்' என்பதே நிலைத்த பெயர். ஸ்டீயரிங் தண்டில் கியர். கோடையில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றால் பம்பின்மேல் ஈரத்துணி. உறுப்பு கிடைக்காவிட்டால் சென்னையில் புதுப்பேட்டை. பள்ளிப்படிப்பை முடிக்காத மெக்கானிக் ஒருவர் பானெட்டில் காதை வைத்து நோயைச் சொல்லிவிடுவார். ஜாக்கோசாவின் பெயரைக் கேள்விப்படாமலே அவருடைய படைப்புக்கு உரையெழுதியவர்கள் அந்த மெக்கானிக்குகள். மூலநூல் பிறந்த நாட்டில் வழக்கொழிந்த பின்னும் உரைமரபு வேறு மண்ணில் வாழ்ந்தது.

மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளாக ஓடிய பத்மினிகளுள் கடைசி வண்டி 2003-இல் பதிவானது. இருபது ஆண்டு வரம்பு முடிந்து, 2023 அக்டோபரில் அது பணியிலிருந்து விலகியது. நகரத்தார் பலர் அதை ஒரு முதியவரை வழியனுப்புவதுபோல வழியனுப்பினார்கள்.

இந்த நட்புலகத்துக்கும் இடர்கள் உண்டு. முதல் இடர் பணம். 1962-இல் உருவான ஃபெராரி 250 ஜி.டி.ஓ. கார் ஒன்று, 2018-இல் அமெரிக்க ஏலத்தில் 4 கோடியே 84 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. ஒரு பொருள் அத்தகைய விலையை எட்டியபின் அதை மழையில் ஓட்ட எவர் துணிவர்? பூட்டிய அறையில் நிற்கும் காருக்கு உரிமையாளர் உண்டு, தோழர் இல்லை. இரண்டாம் இடர் நியாயமானது. பழைய எஞ்சின்கள் புகையை வடிகட்டுவதில்லை. பழைய உடற்கூடுகள் மோதலில் உயிரைக் காப்பதில்லை. இவற்றை மறுப்பது காதலுக்கும் அழகன்று. ஆகவேதான் பொறுப்புள்ள சங்கத்தார் நாள்தோறும் ஓட்டுவதைத் தவிர்த்து, விழாநாள்களுக்கும் கூடுகைகளுக்கும் வண்டியை எடுக்கிறார்கள். 1927-இல் பிரெஷா நகரில் நண்பர் நால்வர் தொடங்கிய 'மில்லே மிலியா' பந்தயம், 1957-இல் பார்வையாளர் பலரின் உயிரையும் பறித்த விபத்தோடு முடிந்தது. 1977-இல் அது மீண்டும் உயிர்பெற்றபோது வேகப் போட்டியாக வரவில்லை; நேரந்தவறாமையை அளக்கும் பயணமாக வந்தது. மாரினெத்தியின் வேகவெறி நிதானம் கற்ற இடம் அது. அவர் அழிக்கச் சொன்ன அருங்காட்சியகத்துக்குள் ஆல்ஃபா ரோமியோவின் பந்தயக் கார்களும் 1976-இல் அரேசே நகரில் குடிபுகுந்தன.

மூன்றாம் இடரே மிகக் கடியது. காருக்கு உறுப்பு வார்க்கலாம். செவிக்கு எதை வார்ப்பது? ஒலியைக் கேட்டு நோயறியும் மெக்கானிக் மறையும்போது அவருடன் ஒரு நூலகமே மறைகிறது. உரிமையாளர் மறையும்போது, மகனுக்கு அந்த வண்டி இடத்தை அடைக்கும் பழைய இரும்பாகத் தோன்றக்கூடும். இதை உணர்ந்த மூத்தவர்கள் சாவியை உயிலில் எழுதிவைப்பதோடு நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இளையவர் ஒருவரை அருகில் அமர்த்தி, கார்புரேட்டரைக் கழற்றவும் பூட்டவும் பழக்குகிறார்கள். முதல் நாள் அந்த இளைஞனின் கையில் கறை மட்டுமே மிஞ்சும். பத்தாம் ஞாயிற்றுக்கிழமை அவன் காதைச் சாய்த்து, 'ஒரு வால்வு தட்டுகிறது' என்பான். அன்று அந்தக் கார் கைமாறிவிட்டது. பத்திரம் பின்னால் எழுதிக்கொள்ளலாம்.

அன்பர்களே! இலக்கிய வட்டம் ஒன்று பத்து ஆண்டுகள் ஓடியது என்றால், அதன் வண்டி வழியில் நிற்கவே இல்லை என்பது பொருளன்று. கூட்டத்துக்கு ஐவரே வந்த மாலைகள் இருந்திருக்கும். அச்சுக்கூலிக்குக் கைமாற்று வாங்கிய மாதங்கள் இருந்திருக்கும். ஒரு சொல்லுக்காக இரு கவிஞர் முகம் திருப்பிக்கொண்ட நாள்களும் இருந்திருக்கும். ஒவ்வொரு முறையும் எவரோ ஒருவர் இறங்கித் தள்ளியிருக்கிறார். அப்படித் தள்ளியவர்களின் தோளுக்கே இந்த விழா உரியது. அடுத்த பத்தாண்டுக்கு வேண்டியது அருகிருக்கையில் ஓர் இளையவர். இன்று வாயிலருகே நின்று கேட்டுக்கொண்டிருக்கும் மாணவரை முன்வரிசைக்கு அழையுங்கள். அவர் கையெழுத்துப் படியில் தளை தட்டினால் பொறுத்திருந்து காட்டிக்கொடுங்கள். பழைமை என்னும் சொல்லுக்கு வள்ளுவர் தந்த பொருள் அவ்வாறு வாழட்டும்.