நெஞ்சுக்கு ஏறிய இரைப்பை



அன்னதானக் கூடத்தில் இரைப்பை பற்றிப் பேசுவதா என்று செயலாளர் தயங்கினார். வேறு எங்கே பேசுவது? நான் மருத்துவன் அல்லன். ஈப்போவில் ஓய்வுபெற்ற ஆசிரியன். என் அண்ணன் மகளால் கற்றதைச் சொல்கிறேன்.

எங்கள் பெற்றோர் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். விடியுமுன் பெரட்டு, பிறகு வாளி சுமந்து நடை. தின்றது உடம்பில் தங்கவில்லை. இன்று நடை போய்விட்டது, தட்டு சிறுக்கவில்லை. 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை மிகுதி.

மகள் எடை குறைய 'ஸ்லீவ்' அறுவை செய்துகொண்டாள். இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை நீக்கி, மீதியைச் சட்டைக் கை போலக் குழாயாக்குவது அது. எடை குறைந்தது. ஆனால் மறு ஆண்டே, படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு வந்தது. நான்கு தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். "ஆப்பரேஷன் செஞ்சும் இப்படியான்னு கேப்பாங்க சித்தப்பா" என்று, மருந்துக்கடை மாத்திரையிலேயே நாளை ஓட்டினாள். எண்டோஸ்கோப்பியும் சி.டி. படமும் எடுத்த பிறகே தெரிந்தது: குழாயின் மேற்பகுதி உதரவிதானத் துளை வழியே நெஞ்சுக்குள் ஏறியிருந்தது.

சாதாரணமாக எதுக்களிப்புக்கு ருடால்ஃப் நிஸன் 1956இல் வெளியிட்ட அறுவை உண்டு. இரைப்பையின் மேல்முகட்டை உணவுக்குழாயின் அடியில் துண்டு போலச் சுற்றித் தைப்பார்கள். ஸ்லீவ் செய்தவருக்குச் சுற்றுவதற்கு அந்தத் துண்டே இல்லை, வெட்டி எடுத்தாயிற்று.

ஆகவே ஏறியதைக் கீழே இழுத்து, அகன்ற துளையைத் தைத்துச் சுருக்குகிறார்கள். அது மட்டும் செய்தால் மீண்டும் ஏறக்கூடும். சில மருத்துவர்கள் கல்லீரலை ஒட்டிய உருண்டைத் தசைநாரை எடுத்து, உணவுக்குழாயைச் சுற்றிக் கட்டி நிறுத்துகிறார்கள். அந்த நார் எது தெரியுமா? கருவில் இருந்தபோது தாயின் கொடியிலிருந்து இரத்தம் வந்த குழாய். பிறந்தபின் வற்றிக் கயிறாகிவிட்டது. இதைக் கேட்டபோது என் தாயாரை நினைத்துக்கொண்டேன்.

மகளுக்குச் செய்தது, இத்தகையோருக்குப் பெரிதும் செய்யப்படும் 'பைபாஸ்'. துளையைத் தைத்து, மேலே சிறு பை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலுடன் நேரே இணைப்பது. அமிலமும் பித்தமும் வெகு கீழே போய்ச் சேரும். இரும்பு, வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுக்க வேண்டும்.

ஸ்லீவ் செய்தவர்கள் எரிச்சல் இல்லாவிட்டாலும் ஓராண்டில் ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டும் என்கிறது அனைத்துலக உடற்பருமன் அறுவை மருத்துவர் சம்மேளனம். அமிலம் வலியில்லாமலும் உணவுக்குழாயை அரிக்கும். நாள்பட்டால் புற்றுநோய்க்கும் வழி திறக்கும்.

பொங்கலுக்கு வந்திருந்தாள். இரண்டு கரண்டி சோறு, கொஞ்சம் பருப்பு. அரை மணி நேரம் மென்றாள். இரவு பாய் விரித்தபோது தலையணைகளைக் கொண்டுபோனேன். "ஒன்னு போதும் சித்தப்பா" என்றாள்.