அப்பாவைச் சோம்பேறி என்றேன்

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"தொழில் அனுபவத்தைப் பத்திப் பேசுங்க" என்றுதான் செயலாளர் என்னைக் கேட்டார். ஏற்றுமதி பற்றிப் பேச என்னைவிடத் தெரிந்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே, நான் நஷ்டப்பட்ட ஒரு கணக்கைச் சொல்கிறேன். அது பணக் கணக்கு அல்ல.

வீரபாண்டியில் எங்களுக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி. இருபது மெஷின், ஜாப் ஒர்க். கட்டிங் மாஸ்டராக இருந்த அப்பா ஆரம்பித்தது. துணியைத் தொட்டாலே ஜி.எஸ்.எம். சொல்லிவிடுவார். சனிக்கிழமை சம்பளம் போடும்போது யாருக்கு எத்தனை ஷிப்ட், யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார்கள் என்பதெல்லாம் நோட்டைப் பார்க்காமலே வாயில் வரும்.

2009-ல், அவருடைய அறுபத்து மூன்றாவது வயதில், வலது கை நடுங்க ஆரம்பித்தது. பார்க்கின்சன் நோய் என்றார்கள். தமிழில் நடுக்குவாதம். மாத்திரை போட்டதும் நடுக்கம் அடங்கியது, கத்தரி பிடிக்க முடிந்தது. சரியாகப் போச்சு என்று நினைத்துவிட்டோம்.

நாலு வருஷம் கழித்து வேறொன்று ஆரம்பித்தது. காலையில் கம்பெனிக்கு வருவார், நாற்காலியில் உட்காருவார். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். டேபிளில் துணி விரித்தபடி கிடக்கும். "கட்டிங் போடலீங்களாப்பா?" என்றால், "போடலாம்" என்பார். எழுந்திருக்க மாட்டார். நோம்பிக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் "வாங்க" என்பதோடு சரி. சோறு வைத்தால் சாப்பிடுவார். வைக்காவிட்டால் கேட்க மாட்டார்.

ஒரு சனிக்கிழமை சம்பள நோட்டை அவர் கையில் கொடுத்தேன். பாதியில் போன் வந்தது. பேசி முடித்தவருக்கு எந்த இடத்தில் விட்டோம் என்று பிடிபடவில்லை. ஒருத்தருக்கு இரண்டு தரம் சம்பளம் போய்விட்டது, இன்னொருத்தருக்கு இல்லை. அத்தனை தொழிலாளிகள் முன்னால் நான் சத்தம் போட்டேன்: "மாத்திரை போட்டுக் கை நல்லாத்தானே இருக்குது? உக்காந்து உக்காந்து சோம்பேறியாப் போயிட்டீங்க."

பழைய அப்பாவாக இருந்தால் அளவுகோல் பறந்து வந்திருக்கும். அன்றைக்கு அவர் கோபப்படவே இல்லை. "சரி கண்ணு" என்றார். திங்கட்கிழமை பீரோ சாவியை நான் வாங்கிக்கொண்டேன். "அவரே விட்டுட்டாருங்க" என்று ஊரில் சொன்னேன்.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. 2015-ல் கோயம்புத்தூருக்குச் செக்கப்புக்குப் போனபோது அம்மாதான் நரம்பியல் டாக்டரிடம் கேட்டார்கள்: "கை நடுக்கம் கெடக்குதுங்க. இவரு மனசு எங்கயோ போயிருச்சுங்க. அதுக்கு வைத்தியம் இருக்குதுங்களா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடியும் என்று பார்த்தார். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். ஸ்கேல் இல்லாமலே துணியில் நேர்கோடு போடுகிற மனிதர், பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் ஒரே பக்கத்தில் அடைத்து எழுதினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயைப் பற்றி எழுதினார். அவர் விவரித்தது ஆறே பேரை. அவர்களுடைய அறிவுக்குப் பாதிப்பில்லை என்றே எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் ரொம்ப நாள் எல்லாருடைய கண்ணும் நடுக்கத்தின் மேலேயே இருந்தது. உண்மையில் இந்த நோயில் குறைந்துபோகும் டோபமின் என்கிற ரசாயனம் கை காலை அசைக்க மட்டும் பயன்படுவதில்லை. 'இதைச் செய்வோம்' என்று மனதை எழுப்பிவிடுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. நோயாளிகளில் பத்துக்கு நாலு பேரிடம் இந்த அக்கறையற்ற நிலை காணப்படுவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இது மனச்சோர்வும் அல்ல. மனச்சோர்வில் இருப்பவருக்குத் துக்கம் இருக்கும். இவர்களுக்குத் துக்கம் இல்லாமலே விருப்பம் நின்றுபோகும். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

யோசனையும் மெதுவாகிவிடும். ஒரே சமயத்தில் இரண்டு வேலை ஓடாது. விஷயம் மனதில் இருக்கும், எடுத்துக் கொடுத்தால்தான் வெளியே வரும். நோய் நீடித்தால் பலருக்கு மறதி நோயாகவே முற்றுகிறது. சிட்னியில் நோயாளிகளை இருபது வருஷம் தொடர்ந்து கவனித்ததில், அதுவரை உயிரோடிருந்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு அது வந்திருந்தது.

வேதியியல் மாணவர்களுக்கு ஒரு செய்தி. இந்த நோய்க்கு முக்கிய மருந்து லெவோடோபா. அதைப் பூனைக்காலி விதையிலிருந்து 1937-ல் சென்னையில் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் தாமோதரன், ராமசாமி என்ற இருவர். நோயாளிகளுக்கு அது மருந்தாக வந்தது 1960-களில்தான். அதற்காக யாரும் பூனைக்காலியைப் பொடி செய்து கொடுத்துவிடாதீர்கள், அளவு தப்பும்.

நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிபெனிடில் மாத்திரை வயதானவர்களின் ஞாபகத்தை மங்கச் செய்யும். அப்பாவுக்கு அதைப் படிப்படியாகக் குறைத்தார் டாக்டர். நாமாக நிறுத்தக் கூடாது. ரிவாஸ்டிக்மின் என்ற மருந்து மறதிக்குச் சிலரிடம் ஓரளவு உதவுகிறது. விருப்பம் நின்றுபோவதற்கென்று உறுதியான மருந்து இன்னும் இல்லை.

கிளம்பும்போது டாக்டர் என்னிடம் சொன்னார்: "கெணத்து மோட்டார் நல்லாத்தான் இருக்குதுங்க. ஸ்டார்ட்டர்தான் போயிருச்சு. நீங்க போய்ப் போட்டு விடோணும்."

அன்றிலிருந்து "என்ன பண்ணலாம்?" என்று அப்பாவைக் கேட்பதை விட்டோம். "அப்பா, எந்திரிங்க. இதைப் புடிங்க." ஒரு சமயத்தில் ஒரே வேலை. ஒரே நேரத்துக்குக் குளியல், ஒரே நேரத்துக்கு நடை. டி.வி.யை அணைத்துவிட்டுப் பேசுவோம். கேள்வி கேட்டால் மனதுக்குள் பத்து எண்ணும்வரை பதிலுக்குக் காத்திருப்போம். தினமும் பத்து மணிக்கு, வந்திருக்கிற துணி ரோலில் ஒரு ஓரத்தை அவர் கையில் கொடுப்பேன். பல நாள் தடவிப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார்.

ஒரு நாள் சொன்னார்: "நூத்தி அறுவது. ஈரம் இருக்குது, சுருங்கும்."

எடை போட்டுப் பார்த்தோம், நூற்று அறுபதுதான். அந்த லாட்டைக் காயவைத்து, மறுநாள்தான் கட்டிங் போட்டோம். அதற்குப் பிறகு, அவர் கை படாமல் எங்கள் டேபிளில் துணி விரித்ததில்லை.

குணமாகிவிட்டார் என்று சொல்ல வரவில்லை. கடைசி வருஷங்களில் இல்லாத குழந்தையைத் திண்ணையில் பார்த்துப் பேசினார். 2019-ல் காலமானார். அதுவரை தாங்கியது அம்மா. நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால், "என் மேல பிரியம் போயிருச்சோ" என்றுதானே எந்த அம்மாவுக்கும் தோன்றும்? அது நோய் என்று தெரிந்த பிறகுதான் எங்கம்மா ராத்திரி தூங்கினார்கள். வாரத்தில் அரை நாள் அப்பாவை நான் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் அக்கம்பக்கம் போய் வந்தார்கள்.

நண்பர்களே, நம் வயதில் பாதிப் பேருக்கு வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாளில் நாமே பெரியவர்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் தாத்தாவோ அப்புச்சியோ பேச்சுக் குறைந்து, எதிலும் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தால், "வயசாயிருச்சு" என்றோ "பிடிவாதம்" என்றோ முடிவு கட்டாதீர்கள். டாக்டரிடம் கை நடுக்கத்தைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டால்தான் அவர்களும் பார்ப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமைக்காக அப்பாவிடம் ஒரு நாள் மன்னிப்புக் கேட்டேன். பத்து வரை எண்ணினேன். "எதுக்கு?" என்றார். மறந்துவிட்டாரா, மன்னித்துவிட்டாரா, எனக்குத் தெரியாது. அதே தொழிலாளிகளில் சிலர் இன்றைக்கும் எங்களிடம்தான் வேலை செய்கிறார்கள். அவர்கள் முன்னாலும், இங்கே உங்கள் முன்னாலும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.