வலிக்காத கட்டி
(தென்காசியில் ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)

தென்காசி, குற்றாலம் சுற்றுவட்டாரத்தில் பீடி சுற்றும் தாய்மாரில் சிலர், "வலிக்கவில்லையே" என்று மார்பிலுள்ள கட்டியைக் கவனியாமல் விடுகிறார்கள். மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. கைக்குத் தட்டுப்படாத கட்டியையும் மேமோகிராம் என்னும் எக்ஸ்ரே காட்டிவிடும். டிஜிட்டல் மேமோகிராம், 50 வயதுக்குட்பட்டோரிடம் பழைய பிலிமைவிடத் தெளிவானது. சந்தேகமானால் ஊசிப் பரிசோதனை உறுதிப்படுத்தும்.

ஆனால் கருவியிடம் அவர்கள் வரவேண்டுமே! மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை குடியிருப்புகளுக்கே சென்று கையால் சோதித்தார்கள். 50 வயதைக் கடந்தவர்களிடம் இந்நோயால் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது.

ஆகவே கருவிக்குக் கொடுக்கும்போது, அந்தத் தாயின் பஸ் கட்டணத்தையும், அன்று அவர் இழக்கும் கூலியையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.