பாலும் வயிறும்

பால் அருந்தினால் வயிறு கெடும் என்று சொல்பவரை நம்மில் பலர் நம்புவதில்லை. குழந்தை முதல் கிழவர் வரை எல்லோருக்கும் ஏற்ற உணவு பால் என்றே கேட்டு வளர்ந்திருக்கிறோம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அதன் பலனை அனுபவித்தவர் நம் தந்தையார்.

நம் ஊர் எருத்தேன்பதி. பாலக்காட்டு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியது. பெயரைக் கேட்டதும் எருது நினைவுக்கு வரும். ஆயினும் பெயர்க்காரணம் கூறும் துணிவு நமக்கில்லை. மலையின் மறைவில் கிடப்பதால் மழை குறைந்த பகுதி அது. கறவை மாடுதான் பல குடும்பங்களுக்கு ஊன்றுகோல். தந்தையாரும் விடியுமுன் கறந்து, கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றிவிட்டு வருவார். ஆனால் ஒரு நாளும் அவர் பால் அருந்தி நாம் கண்டதில்லை. கேட்டால், "எனக்கு மோர் போதும், தம்பி" என்பார். விற்றுக் காசாக்கவே வாயைக் கட்டுகிறார் என்று நினைத்து நாம் உள்ளூர வருந்தியதுண்டு.

பின்னர் நமக்குத் தில்லியில் மொழிபெயர்ப்பு உத்தியோகம் வாய்த்தது. ஒரு மார்கழியில் தந்தையாரை அழைத்து வந்தோம். இனியாவது வயிறார அருந்தட்டும் என்று, இரவுதோறும் பெரிய தம்ளர் நிறையச் சூடான பால் கொடுக்கச் செய்தோம். அவர் மறுக்கவில்லை. சில நாட்களில் வயிறு உப்பியது. இரைச்சலும் வலியும் பேதியும் தொடங்கின. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம், கோதுமை என்றோம். ஒரு மருத்துவர் அமீபா என்று சொல்லி வாரக்கணக்கில் மாத்திரை கொடுத்தார். பயனில்லை. வேறொருவர்தான், "இரவில் என்ன அருந்துகிறார்?" என்று கேட்டார். பாலை நிறுத்தினோம். நான்கு நாட்களில் வயிறு அடங்கியது. "சிறு வயது முதல் எனக்கு இது சேராது" என்றார் தந்தையார். முன்பே சொல்லலாகாதா என்று கேட்டதற்கு, "மருமகள் அன்பாகக் கொண்டுவந்து தருகிறாள், எப்படி வேண்டாமென்பது?" என்றார்.

இதன் காரணம் எளியது. பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை இருக்கிறது. நூறு மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 5 கிராம். சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் என்னும் நொதி அதனை உடைத்தால்தான் உடல் ஏற்கும். தாய்ப்பால் அருந்தும் பருவத்தில் இது நிறையச் சுரக்கும்; வளர வளர உலக மக்களுள் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடுகிறது. உடைபடாத சர்க்கரை பெருங்குடலை அடைந்து நீரை இழுக்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. உப்புசமும் பேதியும் இவ்விரண்டினாலேயே. ஆகவே இதை நோய் என்பதைவிட இயல்பு என்பதே பொருந்தும். வளர்ந்த பின்னும் லாக்டேஸ் சுரப்பது, மாடு மேய்த்த சில கூட்டங்களில் பரவிய மரபணு மாற்றத்தின் விளைவு.

1981இல் வெளியான ஓர் ஆய்வு நம்மவர்க்கு முக்கியமானது. திருவனந்தபுரத்திலும் புதுச்சேரியிலும் சோதிக்கப்பட்டவர்களில் மூவரில் இருவருக்குப் பாற்சர்க்கரை ஒத்துக்கொள்ளவில்லை; புதுதில்லியிலோ நால்வரில் ஒருவருக்குச் சற்று அதிகமாகவே ஒவ்வாமற்போயிற்று. வடக்கே அண்டை வீட்டார் லோட்டா நிறையப் பால் அருந்திவிட்டுச் சுகமாக இருப்பதைக் கண்டு, நம் வயிற்றை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

அதற்காகப் பாலை அறவே விலக்கவும் வேண்டாம். காப்பியில் கலக்கும் சிறிது பால் பெரும்பாலோருக்குத் துன்பம் தருவதில்லை. உணவோடு ஒரு சிறு தம்ளர் பாலையும் பலர் தாங்குவர். தயிரில் உறைந்த நுண்ணுயிர்கள் சர்க்கரையின் ஒரு பகுதியைத் தாமே தின்றுவிடுகின்றன. மிஞ்சியதைக் குடலில் உடைக்கவும் உதவுகின்றன. நீர் பெருக்கிய மோரில் சர்க்கரை இன்னும் குறைவு. நெய்யில் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் பாலைக் காய்ச்சுவதால் லாக்டோஸ் நீங்காது. சுண்டக் காய்ச்சினால் செறிவுதான் ஏறும். பால்கோவா விரும்பிகள் மன்னிக்க! சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது: நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம், பசும்பாலில் இருப்பதைப் போல் இரு மடங்குக்கும் மேல். எள்ளும் கீரையும் முள்ளோடு உண்ணும் சிறுமீனும் உண்டு.

இரண்டு எச்சரிக்கைகள். கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தாய்ப்பாலை நிறுத்தலாகாது. பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாமை மிக அரிது. பால் பட்டதும் தடிப்போ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் அது பாலின் புரதத்தால் வரும் ஒவ்வாமை, முற்றிலும் வேறு. மலத்தில் இரத்தம், உடல் மெலிவு, காய்ச்சல் இருந்தாலும் பாலின்மேல் பழிபோட்டு வாளாவிருத்தல் கூடாது. மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூச்சில் ஹைட்ரஜனை அளந்து இக்குறையை உறுதிசெய்யும் சோதனையும் உண்டு.

நம் மகன் பள்ளிக்குப் புறப்படுமுன் பால் தம்ளரைக் கண்டதும் முகம் சுளிப்பான், வயிற்றுவலி என்பான். பள்ளிக்குப் போக மனமில்லாத பாசாங்கென்று இருமுறை கடிந்திருக்கிறோம். தாத்தாவின் வயிறு அடங்கிய அவ்வாரமே அவனுக்கும் பாலை நிறுத்திப் பார்த்தோம். இப்போது காலையில் கேழ்வரகுக் கஞ்சியில் மோர் விட்டுக் குடித்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுகிறான். வலியென்ற பேச்சே இல்லை.