இசைத்தட்டைக் கையால் பிடித்த பையன்



பொன்முடி மலைக்கு ஏறி வர 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலே வந்தால் குளிர், மேகம், தேயிலை. லயத்தில் ஒரு வீட்டில் பாட்டு வைத்தால் பத்து வீட்டுக்கும் கேட்கும். "டேய், சத்தத்தைக் குறை" என்று யாராவது ஒரு அம்மா குரல் கொடுப்பார். பாட்டு வைத்தது யார்? பெரும்பாலும் பதின்மூன்று, பதினாலு வயதுப் பையனாக இருப்பான்.

இன்றைய பேச்சு அப்படி ஒரு பையனைப் பற்றியது. அவன் ஊர் மட்டும் வெகு தூரம். அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தில், பிராங்க்ஸ் என்ற பகுதி.

நியூயார்க் என்றதும் வானம் தொடும் கட்டடங்கள்தானே நினைவுக்கு வருகின்றன? பிராங்க்ஸ் அப்படி இல்லை. அங்கே கறுப்பின மக்களும், தீவுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களும் அதிகம். குடியிருப்புகளை இடித்து நடுவே பெரிய நெடுஞ்சாலை போட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டுப் போயின. 1970-களில் கட்டடங்கள் அடிக்கடி தீப்பிடித்து எரிந்தன. இளம்பிள்ளைகளுக்கு வேலை இல்லை. பெரிய நடன அரங்குக்குப் போகக் கையில் காசும் இல்லை.

அந்த ஊரில் சிண்டி காம்ப்பெல் என்று ஒரு பெண். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும். என்ன செய்தாள் தெரியுமா? தான் குடியிருந்த கட்டடத்தின் பொது அறையில் ஒரு நடன விருந்து வைத்தாள். பெண்களுக்கு நுழைவுக் கட்டணம் 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட். பாட்டு வைத்தவன் அவள் அண்ணன் கிளைவ். வயது 18. நாள் 1973 ஆகஸ்ட் 11. ஹிப் ஹாப் பிறந்த நாள் என்று இன்று உலகமே சொல்லும் நாள் அது.

கிளைவ் ஜமைக்காத் தீவில் பிறந்தவன். ஊரார் அவனை கூல் ஹெர்க் என்று அழைத்தார்கள். ஆடுகிறவர்களை அவன் நன்றாகக் கவனித்தான். பாட்டில் பாடகர் குரல் நின்று, மேளம் மட்டும் தனியாக ஒலிக்கும் இடம் ஒன்று வரும். சில விநாடிதான். அதற்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள்! அதை எப்படி நீட்டுவது? ஒரே இசைத்தட்டை இரண்டு வாங்கினான். இரண்டு பெட்டியில் வைத்தான். ஒன்றில் மேளம் முடியும்போது, மற்றதில் அதே இடத்தில் முள்ளை வைத்தான். மேளம் நிற்கவே இல்லை.

நம் ஊர் மைக் செட் அண்ணன்மார்களை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் சாமி பாட்டு, மாப்பிள்ளை வரும்போது ஒரு பாட்டு, பந்தியில் வேறு பாட்டு. கூட்டத்தின் மனசு தெரிந்தவர்கள் அவர்கள். ஹெர்க் செய்ததும் அந்த வேலைதான். கூடுதலாகத் தட்டிலும் கை வைத்தான்.

ஜோசப் சாட்லர் என்று இன்னொரு பையன். பிராங்க்ஸ் தொழிற்பள்ளியில் மின்னணு வேலை படித்தவன். சின்ன வயதில் அப்பாவின் இசைத்தட்டுகளைத் தொட்டு அடி வாங்கியவன். வீட்டில் ரேடியோ இருந்தால் கழற்றிப் பார்த்துவிடுவான். ஹெர்க் முள்ளைக் குத்துமதிப்பாக வைப்பதை அவன் பார்த்தான். தாளம் கொஞ்சம் தப்பியது. அவன் தட்டின் மேல் மெழுகு வண்ணக் குச்சியால் கோடு போட்டு, இடத்தை அடையாளம் வைத்தான். தட்டு வழுக்கிக்கொண்டு திரும்ப, கம்பளித் துணியை வட்டமாக வெட்டிக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து அடியில் விரித்தான். அவன்தான் பின்னாளில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ்.

அவனோடு சேர்ந்து பாட்டு வைத்த கூட்டாளி ஜீன். ஜீனின் தம்பி தியடோர், 1963-இல் பிறந்தவன். நாம் தேடி வந்த பையன் இவன்தான். அண்ணன்மார் செய்வதை ஓரமாக நின்று பார்த்தே கற்றுக்கொண்டான்.

1975 வாக்கில் ஒரு நாள், அறையில் பாட்டுச் சத்தம் அதிகம். அம்மா வந்துவிட்டார். சத்தத்தைக் குறை, இல்லாவிட்டால் நிறுத்து என்கிறார். அம்மா பேசும்போது பாட்டு ஓடலாமா? தியடோர் சுழலும் தட்டைக் கையால் பிடித்துக்கொண்டான். பிடித்த கை சும்மா இருக்கவில்லை, முன்னும் பின்னும் அசைந்தது. காதில் மாட்டிய கருவியில் புதுச் சத்தம் கேட்டது. முள் குழியை விட்டு விலகவில்லை. தட்டு முன்னே போனால் ஒலி நேராக வந்தது, பின்னே வந்தால் தலைகீழாக வந்தது. அம்மா திட்டி முடித்ததும் அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தான். நன்றாகப் பழகிய பிறகுதான் ஊருக்குக் காட்டினான். இப்படித்தான் நடந்தது என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அம்மா கோபப்பட்டதில் தப்பில்லை. முள்ளும் தேயும், தட்டும் கீறும். இரண்டும் காசு கொடுத்து வாங்கியவை. அந்தக் கீறலுக்கே 'ஸ்கிராட்ச்' என்று பெயர் வந்துவிட்டது. 1983-இல் ஹெர்பி ஹான்காக் என்ற பெரிய இசைக்கலைஞர் 'ராக்கிட்' என்ற தன் இசையில் அதைச் சேர்த்தார். அதற்குக் கிராமி விருது கிடைத்தது. பாட்டு ஓட்டுகிறவரும் வாத்தியக்காரர்தான் என்று அப்போது பலருக்குப் புரிந்தது.

கடல் தாண்டித் தமிழுக்கும் வந்தது ஹிப் ஹாப். தோட்ட வேலைக்கென்று நம் மக்கள் கப்பல் ஏறிப் போன மலேசியாவில், யோகி பி என்பவரும் நட்சத்திரா குழுவினரும் 2006-இல் 'வல்லவன்' என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். 1980-இல் இளையராஜா 'நிழல்கள்' படத்துக்கு இசையமைத்த பாட்டு ஒன்று அதில் புது உருவில் வந்தது. இங்குள்ள பிள்ளைகள் பலருக்கு அது மனப்பாடம்.

ஹெர்க் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மற்றவர்கள் பாட்டை விற்றுப் பணம் பார்த்தார்கள். முதலில் வழி காட்டிய அவருக்கு அது வரவில்லை. 2011-இல் நோய் வந்தபோது மருத்துவக் காப்பீடு இல்லை. ரசிகர்கள் பணம் திரட்டினார்கள். 2023-இல்தான் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது. தங்கை சிண்டி வாடகைக்கு எடுத்த அறை இருந்த கட்டடம் செட்ஜ்விக் அவென்யூவில், 1520-ஆம் எண்ணில், இன்றும் நிற்கிறது. அதில் குடும்பங்கள் குடியிருக்கின்றன.