குடத்துக்குச் சரி, வயலுக்கு?

நானோ துகள் வந்தாச்சு, இனி நஞ்சுத் தண்ணீர் பயமே இல்லைன்னு எதிரணி நண்பர் அடிச்சுப் பேசிட்டுப் போனார். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப் குழுவினரை நானும் கும்பிடுகிறேன். இறால், நண்டு ஓட்டில் கிடைக்கிற கைட்டோசானில் நுண்ணிய இரும்புச் சேர்மத்தைப் பொதித்தார்கள். தண்ணீரிலுள்ள ஆர்சனிக் நஞ்சு அதில் ஒட்டிக்கொள்கிறது. மேற்கு வங்கக் கிராமங்களுக்கு அந்த வடிகட்டி போயிருக்கிறது.

ஆனால் நிலத்தடியிலே ஆர்சனிக் கலந்த அதே தண்ணீர்தானே அங்கே கோடை நெல்லுக்கும் பாய்கிறது? வயலில் தண்ணீர் தேங்கத் தேங்க மண்ணிலிருக்கிற ஆர்சனிக்கும் கரைஞ்சு, வேர் வழியா அரிசிக்கு ஏறுது. குடிக்கிற தண்ணிய வடிகட்டிட்டீங்க. சோத்தை எதுல ஐயா வடிகட்டுவீங்க? (சிரிப்பு, கைதட்டல்)

கணக்குப் பாருங்க. ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேணும். அதுவும் ஒரு பாய்ச்சலுக்கு! நஞ்சு நிறைஞ்ச துகளை அப்புறம் எங்கே கொட்டுவது? வரப்பிலேயா?

கட்டிய தண்ணீரை வற்றவிட்டு, மண் கொஞ்சம் காற்று வாங்கின பிறகு மறுபடி பாய்ச்சினாலே அரிசியில் ஆர்சனிக் குறைகிறது. குளத்துத் தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. நானோவை வீட்டுக் குடத்துக்கு வைங்க. வயலுக்கு மடை திறந்து மூடுற விவசாயியைக் கேளுங்க. நடுவர் மணியைத் தொடுகிறார், உட்கார்ந்துக்கிறேன். (பலத்த கைதட்டல்)